வரிக்குதிரையா, வரிக்கழுதையா?

சென்ற பள்ளி விடுமுறையில் என் மகளை மண்டாய் விலங்குத் தோட்டத்திற்கு அழைத்துச் சென்றிருந்தேன். தொடக்கநிலை நான்கில் படிக்கும் அவள், எங்கே போனாலும் ஒரு வரைபுத்தகத்தையும் கையோடு எடுத்துக்கொள்வாள். காத்திப் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கிப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தபோது, முதல்நாள் இரவே வரைந்து வைத்திருந்த வரிக்குதிரைப் படம் ஒன்றைக் காட்டினாள். நெற்றியில் புரளும் மயிர்க்கற்றை, பக்கவாட்டில் சரிந்த பிடரி, தரையைத் தொடும் அளவுக்கு இறங்கிய வால் என்று அது அசல் பந்தயக் குதிரையாகவே இருந்தது. அதன் மேல் கறுப்பு மையால் கோடுகள் மட்டும் போடப்பட்டிருந்தன. மண்டாயில் உண்மையான விலங்குகளுக்கு எதிரே கால்மணி நேரம் நின்றபின், அவள் ஒன்றும் பேசாமல் அழிப்பானை எடுத்து வாலை அழிக்கத் தொடங்கினாள். பிறகு தலையை நிமிர்த்தி, "அப்பா, இதுக்கு மாட்டு வால்" என்றாள்.

அவள் சொன்னது முக்கால்வாசி சரி. குதிரையின் வாலில் நீண்ட மயிர் அடியிலிருந்தே புறப்பட்டு விடும். வால்தண்டு எங்கே முடிகிறது என்பதே வெளியில் தெரியாது. எங்கள் எதிரே நின்ற விலங்கின் வாலோ மேற்பகுதியில் குறுமயிரும் கோடுகளுமாக ஒல்லியாக இறங்கி, நுனியில் மட்டும் ஒரு குஞ்சத்தோடு முடிந்தது. நெற்றி மயிர் இல்லை. பிடரி, புதிதாக வாங்கிய துணி தேய்க்கும் தூரிகையைப் போல விறைப்பாக நின்றது. "மாட்டு வால் இல்லை, கழுதை வால்" என்று நான் திருத்தினேன். அவள் கழுதையைப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சிங்கப்பூரில் பிறந்து வீவக அடுக்குமாடி வீட்டில் வளரும் பிள்ளை கழுதையை எங்கே பார்க்கும்?

இந்த வால் விஷயத்தில் எனக்கு ஒரு பரம்பரைப் பாத்தியதை உண்டு. என் தாய்வழித் தாத்தா புக்கிட் தீமா குதிரைப் பந்தயத் திடலின் லாயங்களில் குதிரைக்காரராக வேலை பார்த்தவர். குதிரையை அவர் முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்வதைவிடக் காலைப் பார்த்துச் சொல்வதே அதிகம். குதிரைகளின் நான்கு கால்களிலும் உட்புறத்தில் மயிரில்லாத ஒரு காய்ப்பு இருக்கும்; ஒவ்வொரு குதிரைக்கும் அதன் வடிவம் வேறு, நமக்குக் கைரேகை போல என்பார். பிற்காலத்தில் விலங்கியல் நூல்களைப் படிக்கும் பழக்கம் ஏற்பட்டபோது, அந்தக் காய்ப்பு கழுதைகளுக்கும் வரிக்குதிரைகளுக்கும் முன்னங்கால்களில் மட்டுமே உண்டு, பின்னங்கால்களில் கிடையாது என்று தெரிந்துகொண்டேன். வாலும் காய்ப்பும் ஒரே செய்தியைச் சொல்கின்றன. நாம் வரிக்குதிரை என்று அழைக்கும் விலங்கு, உறவுமுறையில் குதிரையைவிடக் கழுதைக்கே நெருங்கியது.

கனடாவின் யூகோன் பகுதியில் உறைமண்ணில் கிடைத்த, ஏறத்தாழ 7 லட்சம் ஆண்டுப் பழமையான குதிரை எலும்பொன்றின் மரபணுத் தொகுதியை 2013இல் அறிவியலாளர்கள் படித்து முடித்தார்கள். இன்று வாழும் குதிரை, கழுதை, வரிக்குதிரை அனைத்துக்கும் பொதுவான மூதாதை 40 முதல் 45 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது என்று அதை வைத்துக் கணக்கிட்டார்கள். அந்தக் குடும்பம் பாகம் பிரித்துக்கொண்டபோது குதிரைகள் ஒரு பக்கம் தனியாகப் போயின. கழுதைகளின் முன்னோரும் வரிக்குதிரைகளின் முன்னோரும் இன்னொரு பக்கம் சேர்ந்தே இருந்து, பின்னர்தான் தங்களுக்குள் பிரிந்தன. ஆக, வரிக்குதிரைக்குக் கழுதை சித்தப்பா பிள்ளை என்றால், குதிரை இன்னும் ஒரு தலைமுறை தள்ளிய பங்காளி.

பெயர் வைத்ததில் தமிழன் மட்டும் தவறவில்லை என்பது ஓர் ஆறுதல். மலாயில் குடா பெலாங் என்றாலும், சீனத்தில் பான்மா என்றாலும் பொருள் வரி அல்லது புள்ளி கொண்ட குதிரை என்பதே. நம் ஊரின் மூன்று தாய்மொழிகளும் ஒருமித்து இதைக் குதிரை என்கின்றன. மூன்றும் கோட்டைப் பார்த்த அளவுக்கு வாலைப் பார்க்கவில்லை. பழைய ரோமானியர்கள் இன்னும் ஒருபடி மேலே போய்க் குதிரைப்புலி என்று பொருள்படும் பெயரை வைத்திருந்தார்கள். ஸீப்ரா என்ற சொல்லோ, ஆப்பிரிக்காவிற்குக் கடல்வழி சென்ற போர்ச்சுகீசியர் தங்கள் நாட்டில் முற்காலத்தில் திரிந்த ஒரு காட்டு விலங்கின் பெயரைக் கொண்டுபோய் இதற்குச் சூட்டியதால் வந்தது என்பர். அந்தப் பழைய விலங்கு காட்டுக்கழுதை வகையாக இருந்திருக்கலாம் என்பது பலருடைய கருத்து.

ஆனால் சரியாகச் சொன்ன ஒருவர் நம் நாட்டுப் பக்கத்திலேயே இருந்தார். 1621ஆம் ஆண்டில் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அவைக்கு அபிசீனியாவிலிருந்து (இன்றைய எத்தியோப்பியா) ஒரு வரிக்குதிரை வந்து சேர்ந்தது. மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை கறுப்புக் கோடுகள் கொண்ட விந்தையான காட்டுக்கழுதை என்றே அவர் தம் நாட்குறிப்பில் அதை எழுதி வைத்தார். யாரோ சாயம் பூசியிருக்கிறார்கள் என்று அவையில் சிலர் சந்தேகப்பட்டதாகவும், நன்றாக ஆராய்ந்தபின் அது படைத்தவன் தீட்டிய வண்ணமே என்று தெரிந்ததாகவும் எழுதியிருக்கிறார். அவருடைய அவை ஓவியர் மன்சூர் அதைப் பார்த்துத் தீட்டிய படம் இன்றும் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. விலங்கை மட்டும் பாரசீக மன்னர் ஷா அப்பாசுக்குப் பரிசாக அனுப்பி விட்டார்கள். மேற்கிந்தியாவின் காட்டுக்கழுதைகளை நன்கு அறிந்திருந்த கண் அது. அதனால்தான் கோட்டைத் தாண்டி உடலைப் பார்க்க முடிந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த மேற்கிந்தியக் காட்டுக்கழுதை இன்றும் இருக்கிறது. குஜராத்தின் சிறிய ரண் பகுதியில், கோடையில் வெடித்துக் கிடந்து மழைக்காலத்தில் நீர் தேங்கும் உப்புச் சேற்று வெளியில் அது வாழ்கிறது. மணல் நிற உடல், வெளுத்த வயிறு, பிடரியிலிருந்து வால் வரை முதுகில் ஓடும் ஒற்றைக் கரும்பட்டை என்று பார்ப்பதற்கு வண்ணான் கழுதையின் சாயல் இருந்தாலும், அதைக் கழுதை என்று கூப்பிடவே கூச்சமாக இருக்கும். அவ்வளவு கம்பீரமான விலங்கு. 1960களில் குதிரைகளைத் தாக்கும் தொற்றுநோய்களால் அவை சில நூறாகக் குறைந்துபோயின. சரணாலயம் அமைத்துக் காத்ததன் பலனாக, 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 7,600க்கும் மேல் என்று எண்ணியிருக்கிறார்கள். இலடாக்கிலும் திபெத்திலும் இதன் பெரிய உறவான கியாங் உண்டு. காட்டுக்கழுதைகளில் அதுவே மிகப் பெரியது. இவை இரண்டும் ஆசியக் கிளை. நாம் பொதி சுமக்க வைத்த கழுதையின் முன்னோரோ ஆப்பிரிக்கக் காட்டுக்கழுதை. அதன் சோமாலிய இனத்தைப் படத்தில் பார்த்தால் என் மகளுடைய வியப்பு இரட்டிப்பாகும்: உடல் வெறும் சாம்பல் நிறம், ஆனால் கால்களில் மட்டும் வரிக்குதிரைக்கு உள்ளவை போன்ற மெல்லிய கறுப்புக் கோடுகள். காட்டில் எஞ்சியிருப்பவை சில நூறு மட்டுமே.

இங்கே ஓர் இடைச்செருகல். வேதாரணியத்துப் பக்கம் சொந்தக்காரர்கள் இருப்பவர்கள், "கோடியக்கரையில் காட்டுக்குதிரை இருக்கிறதே" என்பார்கள். அவை வீட்டு மட்டக்குதிரைகள் எப்போதோ கட்டவிழ்ந்துபோய்க் காட்டில் பெருகியவை. காட்டு இனம் அல்ல. வீட்டுக்குதிரைக்குக் காட்டில் இன்று எஞ்சியிருக்கும் ஒரே உறவு மங்கோலியாவின் தாக்கி என்ற காட்டுக்குதிரை. கறுத்த விறைப்பான பிடரியும் குட்டையான உடலும் கொண்ட அந்தக் குதிரை 1960களின் இறுதியில் காட்டில் அற்றுப்போய், விலங்குத் தோட்டங்களில் மட்டும் மிஞ்சியது. அங்கே வளர்ந்தவற்றின் வாரிசுகளை 1992இல் மறுபடி மங்கோலியப் புல்வெளிக்குக் கொண்டுபோய் விட்டார்கள். வீட்டுக்குதிரைக்கு 64 நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்) என்றால் தாக்கிக்கு 66. கழுதைக்கு 62, சமவெளி வரிக்குதிரைக்கு 44, மலை வரிக்குதிரைக்கு வெறும் 32. குதிரைக்கும் கழுதைக்கும் பிறக்கும் கோவேறு கழுதைக்கு 63 வந்து சேர்வதால்தான் அது பெரும்பாலும் மலடாகிறது.

வரிக்குதிரை என்பது ஒரே விலங்கும் அல்ல. சமவெளி வரிக்குதிரை, மலை வரிக்குதிரை, கிரேவி வரிக்குதிரை என்று மூன்று இனங்கள் உண்டு. நம் பாடநூல்களில் வருவது பெரும்பாலும் முதலாவது. மலை வரிக்குதிரைக்குத் தொண்டைக்குக் கீழே சிறிய தொங்குதசை இருக்கும். எனக்குப் பிடித்தது கிரேவி: மூன்றிலும் உருவத்தில் பெரியது, கோடுகள் நெருக்கமாக, கோலமாவால் இழுத்ததுபோல மெல்லியவை, வயிறு வெள்ளை, காதுகள் அகன்று வட்டமானவை. 1882இல் அபிசீனியாவின் மெனெலிக், பிரெஞ்சு அதிபர் ஜூல் கிரேவிக்கு ஒன்றை அனுப்பி வைத்ததால் வந்த பெயர் அது. பரிசாகப் பெற்றவர் பெயர் விலங்குக்கு நிலைத்துவிட்டது. ஆயிரம் ஆண்டுகளாக அதனோடு வாழ்ந்த மேய்ப்பர்கள் வைத்த பெயர்களைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

கிரேவியின் குரல் கழுதையின் குரலைப் போன்றது. வாழ்க்கை முறையும் அப்படியே. சமவெளி வரிக்குதிரைகள் ஓர் ஆண், சில பெண்கள், அவற்றின் குட்டிகள் என்று நிலையான குடும்பமாக வாழும். காட்டுக் குதிரைகளும் அவ்வாறே. கிரேவி ஆணோ ஆப்பிரிக்கக் காட்டுக்கழுதை ஆணைப் போல ஓரிடத்தைத் தனக்கென்று பிடித்துக்கொண்டு காத்திருக்கும். பெண்கள் வரும், போகும், நிலையான கூட்டு எதுவும் இராது. இதில் உறவுமுறையைவிட நீர்தான் காரணம். கென்யாவின் வடபகுதியும் எத்தியோப்பியாவும் வறண்டவை. பால் கொடுக்கும் தாய் ஓரிரு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் குடித்தாக வேண்டும். குட்டியில்லாத பெண்ணோ நான்கைந்து நாள்கூடத் தாங்கும். தேவை இப்படி வேறுபடும்போது அவை ஒன்றாக மேய முடிவதில்லை. எனவே தண்ணீர்த் துறைக்குப் பக்கத்து நிலத்தைப் பிடித்த ஆண்தான் கெட்டிக்காரன்.

இனிக் கோடுகளுக்கு வருவோம். அடியில் இருக்கும் தோல் கறுப்பு. வெள்ளைக் கோடு என்பது நிறமி இல்லாத மயிர். எதற்கு இந்தக் கோடு என்பதற்குப் புதரில் மறைய, சிங்கத்தின் கண்ணைக் குழப்ப, உடலைக் குளிர்விக்க என்று ஒன்றரை நூற்றாண்டாக ஆளுக்கொரு விளக்கம் சொல்லி வந்தார்கள். டிம் கேரோ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2014இல், குதிரைக் குடும்பத்தின் எல்லா இனங்களையும் அவை வாழும் நிலப்பரப்போடு வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கடிக்கும் ஈக்கள் நீண்டகாலம் மிகுந்திருக்கும் இடங்களில் வாழும் இனங்களுக்கே கோடுகள் அழுத்தமாக இருந்தன. சிங்கத்தோடு இந்தப் பொருத்தம் வரவில்லை.

2019இல் அதே கேரோவும் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தினரும் இங்கிலாந்தில் ஒரு லாயத்தில் செய்த சோதனையைப் படித்தபோது, தாத்தா இருந்திருந்தால் இதை எப்படி ரசித்திருப்பார் என்று நினைத்தேன். சாதாரணக் குதிரைகளுக்குக் கறுப்பு, வெள்ளை, வரி என்று மூன்று வகைப் போர்வைகளை மாற்றி மாற்றிப் போர்த்தி ஈக்களைக் கவனித்தார்கள். வரிப்போர்வையில் உட்கார்ந்த ஈக்கள் மிகக் குறைவு. போர்வை மூடாத தலையிலோ எல்லாக் குதிரைகளுக்கும் ஒரே அளவு தொல்லை. ஈ வரிக்குதிரையை நோக்கி வராமலில்லை, வழக்கம்போலவே வருகிறது. ஆனால் பக்கத்தில் வந்ததும் வேகத்தைக் குறைத்து இறங்கத் தெரியாமல், மேலே மோதித் தெறிக்கிறது அல்லது தாண்டிப் போகிறது. அதே ஆண்டு ஜப்பானில் கறுப்பு மாடுகளுக்கு வெள்ளைக் கோடு தீட்டிப் பார்த்தவர்கள், கடி ஈக்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததைக் கண்டார்கள். வரிக்குதிரையின் மயிர் மிகக் குட்டையானது, ஈயின் ஊசிவாய் எளிதாகத் தோலை எட்டிவிடும். ஆப்பிரிக்காவில் அந்த ஊசியோடு உயிர்க்கொல்லி நோய்களும் வரும் என்பதால் இந்த ஏற்பாட்டின் அருமை விளங்குகிறது.

இவ்வளவு அழகான விலங்கை ஏன் வண்டியில் பூட்டவில்லை என்று மகள் கேட்டாள். பூட்டிப் பார்த்தார்கள். இங்கிலாந்துச் செல்வந்தர் வால்டர் ராத்சைல்ட், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வரிக்குதிரைகள் பூட்டிய வண்டியை இலண்டன் தெருக்களில் ஓட்டிக் காட்டினார். நைரோபி நகரம் உருவான புதிதில் அங்கே மருத்துவம் பார்த்த கோவாக்காரர் டாக்டர் ரொசெண்டோ ரிபெய்ரோ, பழக்கிய வரிக்குதிரை மீது ஏறியே நோயாளிகளின் வீடுகளுக்குப் போய்வந்தார். ஒன்றிரண்டைப் பழக்கலாம், இனத்தையே பழக்க முடியவில்லை. சிங்கத்தோடும் கழுதைப்புலியோடும் வளர்ந்த விலங்கு அது. எட்டி உதைக்கும், கடித்தால் லேசில் விடாது, சுருக்குக்கயிறு வருவதைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொள்ளும்.

நெருங்கிய உறவு என்று சொன்னவுடன், இந்த ஊரில் குதிரைக் குடும்பத்துக்கு வேறு ஆளே இல்லையோ என்று கேட்கத் தோன்றும். பந்தயக் குதிரைகளும் போய்விட்டன. 1843இல் சிராங்கூன் சாலைப் பக்கம் தொடங்கி, புக்கிட் தீமாவுக்குப் போய், கிராஞ்சியில் முடிந்த குதிரைப் பந்தயம் 2024 அக்டோபர் 5ஆம் தேதியோடு நின்றது. ஆனால் தூரத்து உறவு ஒன்று தானாகவே நீந்தி வந்தது. 2023 ஜூலையில் ஒரு விடிகாலை, பொங்கோலில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் எதிரே, குட்டைத் துதிக்கை போன்ற மூக்குள்ள காட்டு விலங்கான தாபிர் ஒன்று நடந்து வந்ததைப் பலரும் காணொளியில் பார்த்திருப்பீர்கள். ஜொகூரிலிருந்து நீரிணையைக் கடந்து வந்திருக்க வேண்டும். குதிரை, காண்டாமிருகம், தாபிர் மூன்றும் ஒற்றைப்படைக் குளம்பிகள் என்ற ஒரே பெருங்குடும்பம். தாபிருக்கு முன்காலில் நான்கு விரல்கள், பின்காலில் மூன்று. ஏறத்தாழ 5 கோடியே 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்கக் காடுகளில் திரிந்த, நாயளவே இருந்த குதிரையின் மூதாதைக்கும் இதே கணக்குதான். தாபிர் காட்டிலேயே இருந்துகொண்டு விரல்களை வைத்துக்கொண்டது. குதிரையினம் புல்வெளிக்கு ஓடிப்போய் நடுவிரலை மட்டும் மிச்சம் பிடித்தது. தாபிர்க் குட்டி பிறக்கும்போது அதன் மேல் வெள்ளைக் கோடுகளும் புள்ளிகளும் இருக்கும் என்று படத்தைக் காட்டியதும், மகள் என்னை வென்றுவிட்டவள்போல் பார்த்தாள்.

கிரேவி வரிக்குதிரைகள் 1970களில் 15,000 அளவில் இருந்தன; இன்று ஏறத்தாழ 3,000தான். கென்யாவில் 2016 முதல் பொதுமக்களைத் திரட்டி எண்ணுகிறார்கள்: ஆளுக்கொரு கேமராவோடு போய், வலப்பக்க விலாவைப் படமெடுத்துக் கொடுக்க வேண்டும், கணினி கோடுகளைப் படித்து இது இன்ன விலங்கு என்று சொல்லிவிடும். தாத்தா காய்ப்பைப் பார்த்துச் செய்த வேலைதான். தென்னாப்பிரிக்காவின் கேப் மலை வரிக்குதிரைகள் ஒரு காலத்தில் நூறுக்கும் கீழே போய், இப்போது நாலாயிரத்தைத் தாண்டியிருக்கின்றன. முன்பாதி மட்டும் கோடு போட்டு, பின்பாதியை வெறும் பழுப்பாக விட்டிருந்த குவாக்கா என்ற வரிக்குதிரை வகைக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. கடைசி ஒன்று 1883 ஆகஸ்ட் 12ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் விலங்குத் தோட்டத்தில் இறந்தது. வேறொரு குவாக்காவின் காய்ந்த தோலில் ஒட்டியிருந்த தசையிலிருந்து 1984இல் எடுத்ததே, அழிந்த விலங்கொன்றிலிருந்து மனிதன் முதன்முதலாகப் படித்த மரபணு.

வீட்டுக்கு வந்ததும் மகள் படத்தைப் பாட்டியிடம் காட்டினாள். லாயத்துப் பக்கத்திலேயே வளர்ந்த என் அம்மா, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாலையே வெகுநேரம் பார்த்தார். "இது கழுதைக்குத்தான் சொந்தமாம் பாட்டி" என்றாள் மகள். "எங்க அப்பா குதிரையைக் கழுதைன்னு சொன்னா, அது அன்னைக்கு ஓட்டத்துல கடைசியா வந்திருக்கும்" என்றார் அம்மா. மகள் படத்தின் கீழே பெயரெழுதக் குனிந்தாள். வரிக்கழுதை என்று எழுதுவாளோ என்று எட்டிப் பார்த்தேன். வரிக்குதிரை என்றே எழுதினாள். மாற்றி எழுதினால் ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவாராம். பிறகு வால் நுனியிலிருந்து ஓர் அம்புக்குறி இழுத்து, சிறிய எழுத்தில் "கழுதை வால்" என்று சேர்த்தாள்.